கொலோனுக்குப் போன கல்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வருஷம் ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கல்லை எங்கேயிருந்துதான் கொண்டுவந்தார்களோ" என்று கேட்டாயே, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

பான் நகரத்துக்குத் தெற்கே, ரைன் நதிக்கரையில் கோனிக்ஸ்விண்டர் என்ற சிற்றூர். அதன் தலைக்கு மேல் நிற்கிறது டிராகன்ஃபெல்ஸ் குன்று, 321 மீட்டர் உயரம். உச்சியில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டையின் கோபுரம், பாதி உடைந்து நிற்கிறது. கட்டத் தொடங்கியவர் கொலோன் பேராயர் முதலாம் ஆர்னால்ட். முப்பதாண்டுப் போரின்போது, 1634இல், கோட்டையை இடித்துவிட்டார்கள்.

ஆனால் கோபுரம் இப்படி ஆனதற்குப் போர் மட்டும் காரணமில்லை. குன்று முழுக்க ட்ராக்கைட் என்ற எரிமலைக் கல். ரோமானியர் காலத்திலேயே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வெட்டிய கல்லைச் சரிவில் இறக்கினால் கீழே ஆறு. படகில் ஏற்றினால் நீரோட்டத்தோடு கொலோன். 1248இல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியபின் இந்தக் கல்தான் மலைமலையாகப் போனது. கோட்டை பாழான பிறகும் குவாரி நிற்கவில்லை. அடிப்பாறையையே குடைந்துகொண்டு போனதில் கோபுரச் சுவரின் ஒரு பகுதியும் சரிந்து விழுந்தது. மிஞ்சிய சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறக் கல்லில் விரல் நகம் அளவுக்குப் பளபளக்கும் சானிடின் என்ற கனிமத்தின் படிகங்கள். அடுத்த முறை போகும்போது பேராலயத்தின் பழைய பகுதிச் சுவர்களை நெருங்கிப் பார், அதே படிகங்கள் இருக்கும்.

என் மனதில் நின்றது அதற்குப் பிறகு நடந்ததுதான். மிச்சமும் போய்விடும் என்று மக்கள் பதறியதால், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு 1828இல் கல் வெட்டுவதைத் தடுத்தது. 1836இல் குன்றின் உச்சியையே விலைக்கு வாங்கியது. இத்தனைக்கும் அப்போது அந்தக் கல்லைக் கேட்டது பேராலயத்தின் பழுதுபார்ப்பு வேலை! அதற்காகக்கூட இனி இந்தக் குன்றைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். அரைகுறையாக நிற்கும் சுவருக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் அக்கா. இன்றைக்கும் பாறை நகராமலிருக்க உள்ளே எஃகுக் கம்பிகளைச் செலுத்திக் கட்டிக் காக்கிறார்கள்.

உன் முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். 1883இலிருந்து ஓடும் பல்சக்கர ரயில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை கொண்டுபோய் விடுகிறது. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா, கொலோனையும் இதையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் தம்பி