ஜீப்புல லீஃப் ஸ்பிரிங்க கழட்டுறதுக்கு முன்னாடி படிச்சிடு மாப்ள

மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, தோட்டத்துல மோட்டார் காயில் போயி ஒரே அலைச்சல், கோச்சுக்காத. பாப்பாவுக்கு சீட் கெடச்சதுல வீட்ல எல்லாருக்கும் செம சந்தோஷம், எங்கம்மா உன்னைய இன்னமும் "அந்த ஜீப்புக்காரப் பய"ன்னுதான் கேக்குது.

சரி, ஜீப்புக்கு வர்றேன். உன் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்புல லீஃப (பட்டை பட்டையா அடுக்குன ஸ்பிரிங்க) கழட்டிட்டு காயில் ஸ்பிரிங் வச்சு, முன்னாடியும் பின்னாடியும் ஃபோர் லிங்க், அதான் ஆக்ஸில சேஸிஸோட புடிக்கற நாலு ராடு, போடப்போறேங்கற. பின்னாடி போட்டுக்க, முன்னாடி வேணாம்டா.

லீஃப் வெறும் ஸ்பிரிங் இல்ல, ஆக்ஸில் முன்ன பின்ன போகாம, பக்கவாட்டுல நகராம, முறுக்கிக்காம புடிச்சு வச்சிருக்கறதும் அதுதான், காயில் போட்டா அந்த வேலை மொத்தமும் லிங்க் தலைல விழும். ட்ரையாங்குலேட்டட் ஃபோர் லிங்க்ல மேல் ராடு ரெண்டும் சாஞ்சு வந்து டிஃப் (ஆக்ஸில்ல இருக்கற டிஃபரன்ஷியல் உருண்டை) பக்கத்துல சேருது, பக்கவாட்டையும் அதே புடிச்சிக்கும், பக்கவாட்டுல நகராம இருக்க ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் குறுக்க போடற பான்ஹார்ட் ராடு வேணாம், ஆக்ஸில் நேரா ஏறி நேரா இறங்கும். பின்னாடிக்கு அருமை. முன்னாடி இன்ஜின் ஆயில் சம்ப் இருக்கற எடத்துல சாஞ்ச ராடு ரெண்டுக்கு எங்கடா எடம்? அதவிட வம்பு, நீ பவர் ஸ்டீயரிங் பாக்ஸ் மாத்தி டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்தத் திருப்புற ராடு) குறுக்க ஓடுதுன்ன, ஆக்ஸில் நேரா ஏறுது டிராக் லிங்க் வட்டமடிக்குது, ஒவ்வொரு குழிக்கும் ஸ்டீயரிங் தானா இழுக்கும். டிராக் லிங்கே இல்லாம ஆயில் பிரஷர்ல திருப்புற ஃபுல் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வச்ச போட்டி வண்டிக்காரன் போட்டுக்கட்டும்.

முன்னாடி த்ரீ லிங்க், கூட ஒரு பான்ஹார்ட். கீழ ரெண்டு, மேல ஒண்ணு. மாருதி ஜிம்னியில த்ரீ லிங்க்னு சொல்றானே அது வேற, அது ரெண்டு ஆர்மும் பான்ஹார்ட் மாதிரி ஒரு லேட்டரல் ராடும், ஸ்ட்ராங்குதான், ஆனா ஒரு சக்கரம் பாறைல ஏறுனா ஆர்ம் அதோட ரப்பர் புஷ்ஷோட மல்லுக்கட்டும்.

பான்ஹார்டு டிராக் லிங்குக்கு சமமான நீளம், அதே சாய்வு. நான் எடம் கெடச்ச எடத்துல வெல்டு பண்ணிட்டு ஊர் ரோட்டுல ஒரு வாரம் மல்லாடினேன், அப்புறம் வெட்டி மறுபடி வச்சேன். 30 இன்ச் ராடு படுத்தாப்ல இருந்தா, 5 இன்ச் ஏறும்போது ஆக்ஸில் பக்கவாட்டுல அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் நகரும், சரிஞ்சு நின்னா இன்னும் ஜாஸ்தி.

மேல் ராடு ஒண்ணே ஒண்ணுங்கறதால பிரேக்குல வர்ற முறுக்கு பூரா அது மேல. 33 இன்ச் டயர்ல கீழ் ராடு மட்டத்துல இருந்து மேல் ராடு வரைக்கும் ஆக்ஸில்ல 8 இன்ச்சாச்சும் உயரம் வை, அத 4 ஆக்குனா அந்த ராடுல லோடு ரெண்டு மடங்காகும். என் பிராக்கெட்டு பிஞ்சது இந்தக் கஞ்சத்தனத்துலதான், வெல்டர் அப்பவே சொன்னாப்ல, கேக்கல.

இன்னொண்ணு, ஆர்சி இருக்கற வண்டின்னா கம்பெனி கொடுத்தத மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் கறாரா சொல்லிருச்சு. தோட்டத்துக்கு மட்டும்னா செய், ரோட்டுல ஓட்டப்போறன்னா நல்ல லீஃப் செட்டோட நில்லு.

வெட்டுறதுக்கு முன்னாடி முன் ஆக்ஸில ஜாக்கில தூக்கி, டிராக் லிங்க் நீளம் அளந்து போட்டோ அனுப்பு. அம்மா அதிரசம் குடுத்து விட்டிருக்கு, உங்க ஊருக்கு வர்ற லாரில ஏத்தியிருக்கேன், வாங்கிக்க.

உன்
மாப்ள