வேங்கை மரத்தின் பால் எடுக்க அனுமதி கோரி மனு

அனுப்புநர்:
ஆளு குறும்பர் பழங்குடி ஓவியர்கள்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: ஓவிய வண்ணத்துக்காகக் காட்டில் வேங்கைப் பால், இலை, பட்டை சேகரிக்க அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் எங்கள் பூசாரிகள் வரைந்து வந்தது எங்கள் குறும்பர் ஓவியம். வெள்ளரிக்கொம்பை அருகே எழுத்துப்பாறையில் உள்ள பழைய ஓவியங்களும் எங்கள் முன்னோர் வரைந்தவை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். சிவப்புக்கும் வெள்ளைக்கும் மண். பச்சைக்குக் காட்டவரை இலை. கசக்கி அப்படியே தேய்ப்போம். (நாளாக மங்கும், உண்மைதான். கடைப் பச்சை மங்காது.) கருப்புக்குக் கரிமரப் பட்டை. பழுப்புக்கு வேங்கைப் பால்.

மற்றதை எப்படியாவது சமாளித்துவிடலாம், வேங்கைக்கு மாற்று இல்லை. பட்டையில் விரல் நீளம் கீறினால் ரத்தம் மாதிரி கசியும். காய்ந்தால் கண்ணாடிச் சில்லு போல உதிரும். அதை வெந்நீரில் கரைத்து, குச்சியில் துணி சுற்றித் தொட்டு வரைவோம். ஒரு பூச்சில் தேன் நிறம் வரும், மேலே மேலே பூசினால் கருஞ்சிவப்பாகும். தேனெடுக்கப் பாறையில் கயிறு கட்டி இறங்குபவனை அந்த நிறத்தில்தான் வரைவோம். கைக்குழந்தை நெற்றியில் வைக்கும் வேங்கைப் பொட்டும் இதே பால்தான்.

போன மாசியில் எங்களில் இருவர் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது, வனப் பணியாளர் ஒருவர் தடுத்துக் கத்தியையும் கொட்டாங்குச்சியையும் வாங்கிக்கொண்டார். மரம் வெட்ட வந்ததாக நினைத்திருக்கலாம். அப்புறம் யாரும் காட்டுக்குள் போகத் துணியவில்லை. கண்காட்சிக்குப் போஸ்டர் கலரில்தான் வரைந்தோம். வாங்க வந்த ஒரு அம்மா, "இதெல்லாம் இலைச்சாறுதானே?" என்று கேட்டார். சரியாகப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(சி), வழக்கமாகச் சேகரித்து வரும் சிறு வனப்பொருள்களை எடுக்கவும் பயன்படுத்தவும் எங்களுக்கு உரிமை தருகிறது. வெட்டுமரம் தவிர்த்த தாவரப் பொருள்கள் அதில் அடங்கும். வேங்கைப் பாலும் அப்படித்தான். எனவே எங்களைத் தடுக்க வேண்டாம் என்று வனத்துறைக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறோம். எந்த மரம், எத்தனை கீறல் என்பதைக் கிராம சபையில் முடிவு செய்வோம். இளமரத்தைத் தொட மாட்டோம்.

ஊரை ஒட்டி நட 50 வேங்கை நாற்றுகளும் தந்தால் நாங்களே வளர்த்துக்கொள்வோம். அதில் பால் எடுப்பது எங்கள் பிள்ளைகள் காலத்தில்தான். அதுவரை காட்டு மரம் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆளு குறும்பர் ஓவியர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன)