கமலாவுக்கு, ஆக்ராவில் நடந்தது பற்றி

திருச்சி
கார்த்திகை, ஞாயிறு

அன்புள்ள கமலா,

இங்கே நலம். அவருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று விஜயா சொன்னாள். மகிழ்ச்சி. பெயர் வைக்கும் விஷயத்தில் உன் மாமியார் உன்னிடம் காட்டிய பிடிவாதத்தை நீ அந்தப் பெண்ணிடம் காட்டாதே. அவர்கள் இருவரும் எதை விரும்புகிறார்களோ அதை வைக்கட்டும்.

வடக்கே போய்த் திரும்பிவிட்டோம். தாஜ்மகால் முன்னால் நின்று எடுத்த படத்தைப் போனில் அனுப்பினேன், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. வகுப்பில் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பானிப்பட்டுப் போர் நடத்திய டீச்சரிடமிருந்து வந்த பதில் அவ்வளவுதான்! அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. கடைசியில் உன்னிடம் ஒரு காரியம் கேட்கப்போகிறேன். அதை முதலில் தேடிப் படிக்காதே, வரிசையாக வா.

சமையல்காரர்களையும் பாத்திரங்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும் சுற்றுலா. டில்லிக் குளிரில் காலை ஆறு மணிக்குச் சூடான பொங்கல் கிடைத்தது, அதற்காக அந்தச் சமையல்காரர்களை எத்தனை வாழ்த்தினாலும் தகும். பஸ் நல்ல பஸ். குழுவில் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள். மதுரைக் குடும்பம் ஒன்று மட்டும் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனோடு வந்திருந்தது. எங்கள் பெரிய டீச்சரான உனக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய பிள்ளை. எதைக் கண்டாலும் கேள்வி.

ஏற்பாட்டில் குறைகள் உண்டு. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்கள் திட்டத்தில் ஆக்ராவுக்கு வெள்ளிக்கிழமைதான் ஒதுக்கியிருந்தார்கள். நான் சொன்ன பிறகு நாளை மாற்றினார்கள். குதுப் மினாருக்கு அரை மணி நேரம், ஆக்ராவில் பளிங்குச் சாமான் விற்கும் கடைக்கு ஒன்றரை மணி நேரம். கடைக்காரர் கமிஷன் கொடுக்கிறார், குதுப் மினார் கொடுப்பதில்லை. இதைச் சுற்றுலா மேலாளரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். நல்ல பையன், தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆக்ராவில் ஏறிய வழிகாட்டி இந்தியில் பேசினார், மேலாளர் தமிழில் சொன்னான். நாக்பூர் வாசத்தில் கற்ற இந்தி எனக்குக் கைகொடுத்ததால் இரண்டையும் கேட்டேன். பெரிய வாயிலைத் தாண்டி உள்ளே போனதும் அந்தக் கட்டடம் கண்ணில் படுகிறதே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் எங்களைச் சும்மா நிற்க விட்டிருக்கலாம். அங்கேதான் அவர் ஆரம்பித்தார். இதைக் கட்டிய இருபதாயிரம் பேருடைய கைகளையும் ஷாஜகான் வெட்டிவிட்டார், இன்னொரு தாஜ்மகாலை யாரும் கட்டிவிடக் கூடாது என்று. எல்லோரும் ‘அடப் பாவமே’ என்றார்கள். அந்த மதுரைப் பையன் மட்டும் கேட்டான்: “அப்படியென்றால் அடுத்த கட்டடத்தை யாரை வைத்துக் கட்டினார்?”

கமலா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எவ்வளவு சரியான கேள்வி! மும்தாஜ் இறந்தது 1631இல். அடுத்த ஆண்டு வேலை தொடங்கி, நடுவிலுள்ள கல்லறை மாளிகை 1648 வாக்கில் முடிந்தது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1639இல், அதே ஷாஜகான் டில்லியில் செங்கோட்டையையும் புது நகரத்தையும் கட்டத் தொடங்கிவிட்டார். தாஜ்மகாலோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் கட்டடக் கலைஞர் உஸ்தாத் அகமது லாகூரிதான் செங்கோட்டைப் பணியிலும் இருந்தவர். இரண்டு நாள் முன்னால் நாங்கள் செங்கோட்டையில் நின்றுவிட்டுத்தான் வந்திருந்தோம்! பையன் கேட்டதற்கான பதிலை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, “தம்பி, இது வரலாறு” என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

அடுத்த கதை கறுப்புத் தாஜ்மகால். யமுனையின் அக்கரையில் தனக்காக ஷாஜகான் கறுப்புப் பளிங்கில் ஒன்று கட்டத் தொடங்கினாராம், மகன் சிறையில் போட்டதால் நின்றுபோனதாம். தவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி எழுதிவைத்த குறிப்பு ஒன்றிலிருந்து வளர்ந்த கதை இது. அக்கரையில் இருப்பது மேதாப் பாக், நிலவொளித் தோட்டம். தொல்லியல் துறை அங்கே தோண்டிப் பார்த்தபோது வெளிப்பட்டது பெரிய எண்கோணக் குளம். வெள்ளைத் தாஜ்மகாலின் பிம்பத்தை இரவில் தண்ணீரில் பார்ப்பதற்கான இடம் அது. உண்மை இந்தக் கதையைவிட அழகாக இருக்கிறதே, அதை ஏன் சொல்லக் கூடாது?

உள்ளே போக நபருக்கு 50 ரூபாயோடு, கல்லறை மாளிகைக்கு இன்னொரு 200 ரூபாய் டிக்கெட். காலுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நகர்ந்தோம். அந்தச் சுவர்களில் குர்ஆன் வாசகங்களை எழுதியவர் அமானத் கான். ஷிராஸ் ஊர்க்காரர். தன் கையெழுத்தை ஆண்டோடு சேர்த்து அங்கேயே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். கை வெட்டப்படப்போகிறவனுக்கு அந்த உரிமையை யார் கொடுப்பார்கள்? அவர் அதற்குப் பிறகு பஞ்சாப் பக்கம் போய்த் தம் பெயரில் ஒரு சத்திரமே கட்டினார், இன்றும் அமிர்தசரஸ் அருகே அது இருக்கிறது. அவருக்கும் கீழே இருந்த கல்தச்சர்கள் தங்கள் கற்களில் நட்சத்திரம், அம்பு என்று அடையாளக் குறிகளை வெட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி இவற்றில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

பிறகு அந்தப் பளிங்குக் கடை. ஒரு இளைஞர் சாணைச் சக்கரத்தில் நகத்தளவு சிவப்புக் கல்லைத் தேய்த்துப் பூவிதழ் ஆக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: “தாஜ்மகாலில் கல் பதித்தவர்களின் வம்சம் நாங்கள். தகப்பன் மகனுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்து வந்த தொழில்.” நான் வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். “ஐயா, காலையில் கையை வெட்டியதாகச் சொன்னீர்களே, பிறகு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று இந்தியிலேயே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “அம்மா, இந்தக் கதை சொன்னால்தான் மக்கள் கேட்கிறார்கள்” என்றார்.

அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. கேட்பது நாம்தானே? இருபதாயிரம் பேர் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், மக்ரானாவிலிருந்து பளிங்கை எப்படிக் கொண்டுவந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், பெண்டு பிள்ளைகள் எங்கே தங்கினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, அவர்களுக்கு நடக்காத ஒரு கொடுமையைக் கட்டி, கையில்லாதவர்களாக ஆக்கி அனுப்பிவிடுகிறோம். இது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். ஷாஜகானுக்காக நான் வருந்தவில்லை, ராஜாக்களுக்கு எழுதி வைக்க ஆள் இருந்தது.

குதுப் மினாரிலும் இதே நினைப்புதான். அங்கே தொல்லியல் துறையின் சிறு நூல் ஒன்று வாங்கினேன். இடி விழுந்து மேல்தளம் சேதமானபோது பிரோஸ் ஷா துக்ளக் அதைப் பழுது பார்த்தார். அந்த வேலையைச் செய்தவர்கள், விஸ்வகர்மாவின் அருளால் முடித்தோம் என்று நாகரி எழுத்தில் மேலே வெட்டிவைத்திருக்கிறார்கள். சுல்தானின் கோபுரத்தில், ஆண்டவன் பெயரும் தங்கள் பெயரும்! 1981 நெரிசலில் அத்தனை பேர் இறந்த பிறகு யாரையும் உள்ளே ஏற விடுவதில்லை, சரியான முடிவுதான். ஆனாலும் கீழே நிற்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாமே. எங்களுக்குச் சொல்லப்பட்டது, இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்பது மட்டும். அதையும் வேலி போட்டு அடைத்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன.

பதேபூர் சிக்ரியைப் பற்றி எழுதினால் தாள் போதாது. அது ஜோதாபாய் மாளிகை, இது பீர்பால் வீடு என்று விரல் நீட்டிக்கொண்டே போனார்கள். பாதிப் பெயர்கள் பிற்காலத்து வழிகாட்டிகள் சூட்டியவை என்று நீ சொன்னது நினைவிருந்தது. மதிய வெயிலில் அந்தச் சிவப்புக் கல் முற்றத்தில் யாருக்கும் கேட்க நேரமும் இல்லை.

ஜெய்ப்பூரில் எல்லாம் மாறியது. ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக் கூடத்துக்கு வந்த வழிகாட்டி வயதானவர், மெல்லிய குரல். கதை ஒன்றும் சொல்லவில்லை. சம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரத்தின் முன் எங்களை நிறுத்தினார். 27 மீட்டர் உயரத்தில் சரிந்து ஏறும் சுவர், இரண்டு பக்கமும் வளைந்த பளிங்குப் பட்டை, அதில் கோடுகள். “சுவரின் நிழல் விழும் விளிம்பில் விரலை வையுங்கள். பேசாமல் பாருங்கள்” என்றார். நிழல் நகர்ந்தது, கமலா! விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர். நாம் நிற்கும் பூமி சுற்றுவதை விரல் நுனியில் பார்த்தோம். அந்தப் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான், அவன் தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தவறாகக் காட்டுகிறதே என்றார். பெரியவர் பொறுமையாக விளக்கினார். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைச் சொல்கிறது, ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் ஏறத்தாழ 27 நிமிடம் பின்தங்கும், மாதத்தைப் பொறுத்து இன்னும் சில நிமிடம் கூடும் அல்லது குறையும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அவர் கடிகாரத்தோடு பொருந்தியது. எங்கள் குழு கைதட்டியது. ‘கதை சொன்னால்தான் கேட்கிறார்கள்’ என்ற ஆக்ராக்காரர் அங்கே இருந்திருக்க வேண்டும். பஸ் கிளம்பும் நேரமாகியும் ஒருவரும் நகரவில்லை.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

திரும்பும் ரயிலில் அந்த நிழலைப் பற்றியே பேச்சு. மதுரைத் தாத்தா சொன்னார்: “இதென்ன அதிசயம், நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையிலேயே விழாதே!” பெட்டி முழுவதும் ஆமாம் என்றது. நான் எழுந்து சொன்னேன், விழும் என்று. நாம் சிறுமிகளாக அந்த நிழலில்தானே பாண்டி ஆடினோம்? சித்திரை நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது எந்தக் கோபுரத்தின் நிழலும் அதன் காலடியில் சுருங்கிவிடும், மற்ற நேரத்தில் இருநூறு அடி உயரக் கட்டடத்தின் நிழல் வேறு எங்கே போகும்? ஒருவரும் நம்பவில்லை. “பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்” என்றார்கள். நான் நம் ஊரின் பெருமையைக் குறைப்பதாகக்கூட ஒரு அம்மாள் சொன்னார்.

எனக்கு அப்போது புரிந்தது, ஆக்ராக்காரரைக் கோபித்து நியாயமில்லை. நம் வீட்டிலும் அதேதான் நடக்கிறது. பெரிய கோயிலைக் கட்டியவர்கள் பெயரில்லாதவர்களா? ராஜராஜன் தான் கொடுத்ததையும், அக்கன், அதாவது அக்கா குந்தவை, கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லிலே வெட்டச் சொன்னான். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் அங்கே இருக்கிறான். நாவிதர் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரும் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்று விலாசத்தோடு இருக்கிறார்கள், ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு, தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீடு சேரமங்கை என்பவளுடையது. இப்படி ஒரு பதிவைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு, விழாத நிழலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

இதே குழு தை மாதம் பொங்கல் கழிந்து தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் வருகிறது. மேலாளர் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பேசிவைத்திருக்கிறான். அவருக்குப் பதிலாக நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள், கல்வெட்டு எழுத்து வாசிக்கத் தெரிந்தவள், கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. நீ வர வேண்டும். பணம் தருவார்கள், நீ வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா செய்தால் இதை யாரும் வேலையாக மதிக்க மாட்டார்கள்.

காலை எட்டு மணிக்கே அழைத்து வருகிறேன். தை மாதச் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால், நிழல் சுப்பிரமணியர் சன்னதிப் பக்கமாக நீளமாகக் கிடக்கும். முதலில் எல்லோரையும் அதற்குள்ளேயே நிற்க வை. ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், ஜெய்ப்பூர்ப் பெரியவர் மாதிரி அவர்களே பார்க்கட்டும். பிறகு கல்வெட்டுக்குப் போ. நீ எனக்குப் படித்துக் காட்டியபடி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டு. அந்தப் பையனும் வருகிறான். அவனிடம் ஒரு பெயரையாவது தானே படிக்கச் சொல். அவசரப்படுத்தினால் மேலாளரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மூச்சு வாங்குகிறது, கூட்டத்தைக் கண்டால் படபடப்பு, மருமகளுக்கு உதவி வேண்டும் என்றெல்லாம் எழுதுவாய் என்று தெரியும். ஒரு காலைப் பொழுது மட்டும். உட்கார நாற்காலி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையை நான் அன்று மாலை வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சம்மதம் என்றால் ஒரு வரி எழுது. மறுப்பதாக இருந்தால் எழுதாதே, போனில் கூப்பிடு. நான் வாதாட வேண்டும்.

அன்புடன்,
சரோஜா

பி.கு.: உன் மருமகளுக்கு ஜெய்ப்பூரிலிருந்து அரக்கு வளையல் வாங்கி வந்திருக்கிறேன். அளவு தெரியாமல் இரண்டு அளவில் வாங்கினேன். விஜயா வியாழக்கிழமை அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். பொருந்தாததை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடு, அவள் மகளுக்கு ஆகும்.