குடியிருப்போர் நலச் சங்கம், காரைக்குடி: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், கூட்டத்துக்கு வந்திருக்கும் ஆச்சிமார்கள், அண்ணன்மார்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாய்க்கால் தூர்வாரியது, தெருவிளக்கு, பொங்கல் விளையாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். செயற்குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் தின்றது மேற்கே இருக்கும் அரிசி ஆலையின் இரைச்சல்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் தெருக்களில் பாதி பழைய வீடுகள். சுவர் கனம், ஆனால் முற்றம் திறந்து கிடக்கிறதே, சத்தம் அந்த வழியாக இறங்குகிறது. சன்னலைச் சாத்திப் பயனில்லை. இரண்டாம் தெரு ஆச்சி வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தோம். அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. "விசேஷத்துக்கு வந்தவுக எல்லாம் ராத்திரியே கெளம்பிட்டாக" என்றார் ஆச்சி.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம். நம் உறுப்பினர்கள் செல்போன் செயலியில் அளந்தார்கள். ஆளுக்கொரு எண் வந்தது! அப்புறம்தான் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், முறையான கருவியால் இரவில் அளக்கக் கோரி மனுக் கொடுத்தோம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தார் வந்து அளந்ததில் வரம்பு தாண்டியது உறுதியானது.

ஆலைக்காரர் தரப்பையும் சொல்ல வேண்டும். "பிளாட் போட்டதுக்கு முன்னாடியே மில் இருக்கு" என்றார். உண்மைதான். நம் தெருப் பிள்ளைகளே அங்கு வேலை பார்க்கிறார்கள். மில்லை மூடச் சொல்லிச் சங்கம் ஒருபோதும் கேட்கவில்லை. ராத்திரி தூங்க விட வேண்டும் என்றுதான் கேட்டோம்.

ஆலைக்குள் அழைத்துக் காட்டியபோது விஷயம் தெளிவாயிற்று. பெரிய குற்றவாளி உமியை ஊதித் தள்ளும் புளோயர். உமியில் சிலிக்கா அதிகம். உப்புத்தாள் போல விசிறி இறக்கையைத் தேய்த்துவிடுகிறது. தேய்ந்த விசிறி சமநிலை இழந்து அதிர, அந்த அதிர்வு தரைக்கும் தகரக் கூரைக்கும் ஏறுகிறது. இறக்கையை மாற்றிச் சமன் செய்து, அடியில் ரப்பர் மெத்தை வைத்து, காற்றுக் குழாயில் சைலன்சர் பொருத்தினார்கள். கம்ப்ரஸரை ஊர்ப்பக்கச் சுவரிலிருந்து மறுபுறம் மாற்றினார்கள். புளோயர் இப்போது இரவு பத்துக்கு நிற்கிறது. வேலியோரம் மரம் நட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். நிழலுக்கு நடலாம், இரண்டு வரிசை மரத்தால் சத்தம் அவ்வளவாகக் குறையாது. அதைவிட இயந்திரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, பார்வை மறையும் உயரத்துக்கு இடைவெளியில்லாத சுவர் எழுப்புவது மேல்.

ஜெனரேட்டர் பாக்கி இருக்கிறது. மின்வெட்டு வந்தால் பழைய நிலைதான். புதிய டீசல் ஜெனரேட்டர் என்றால் ஒலித்தடுப்புக் கூண்டோடு, ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். ஆலையில் இருப்பது பழசு. தீபாவளிக்குள் கூண்டு போடுவதாக வாய்வார்த்தை வந்திருக்கிறது. எழுத்தில் வாங்க வேண்டும். கிழக்குத் தெரு மரப்பட்டறை குறித்தும் இரண்டு புகார்கள் உள்ளன. அவற்றைப் புதிய செயற்குழு எடுத்துக்கொள்ளும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்