போர்த் ஊர் நினைவுக் காப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும், தபால்தலைச் செலவோடு.

செயற்குழு 5 முறை கூடியது. அதில் 2 முறை கூட்டம் நடத்தத் தேவையான ஆட்கள் சேராமல் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். ரயில் நிலைய அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வந்தோம். 1876இல் டைபாய்டுக்குப் பயந்து இங்கிலாந்தின் அப்பிங்ஹாம் பள்ளி அப்படியே வேல்ஸ் கடற்கரையிலுள்ள நம் ஊருக்குக் குடிபெயர்ந்ததைப் பற்றி ஒரு மாலைப் பேச்சு நடந்தது. நல்ல கூட்டம். வெளியே மழை வேறு.

இனி, நம் கரையில் புதைந்து கிடக்கும் பழங்காட்டின் மரங்களைக் கணக்கெடுக்கும் அடிமரப் பதிவேடு. இது செயலாளரின் சொந்தப் பொழுதுபோக்கு என்று சிலர் பேசிக்கொள்வது காதில் விழுந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போர்த்திலிருந்து இனிஸ்லாஸ் வரை கடற்கரை மணலுக்கடியில் கிடக்கும் பைன், ஓக், ஆல்டர், பிர்ச் அடிமரங்களுக்கு வயது ஏறத்தாழ 4,500 முதல் 6,000 ஆண்டு. கடல் மட்டம் ஏற ஏற நிலத்தடி நீரும் ஏறி, காடு சதுப்பாகி, மரங்கள் நின்ற நிலையிலேயே செத்தன. மேலே மூடிய மக்குச் சேற்றில் காற்றுப் புகாததால்தான் இன்னும் வேரோடு இருக்கின்றன. 2014 தொடக்கத்தில் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போனபோது ஊரே திரண்டு படம் எடுத்தது. மணல் திரும்பி வந்து மூடியதும் ஆர்வத்தையும் சேர்த்து மூடிவிட்டது.

நாம் செய்வது எளிய வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வெகுதூரம் வற்றும் நாட்களில் இறங்கி, கண்ணில் படும் ஒவ்வொரு அடிமரத்தையும் அளவுகோலோடு படம் பிடித்து, இடம் குறித்து, எண் போட வேண்டும். அடுத்த புயலுக்குப் பின் எது மிஞ்சியது, எது போனது என்று சொல்ல வேறு வழியில்லை. நம் கரையில் அந்த நாட்களில் கடல் வற்றுவது மதியம் 2, 3 மணி வாக்கில்தான். விடியற்காலையில் நான் யாரையும் எழுப்பவில்லை. பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். முதல் நாள் வந்தவர்கள் நால்வர். மார்ச்சில் நானும் பொருளாளரும் அவருடைய நாயும். நாய் ஒரு நாளும் தவறியதில்லை.

ஓர் உறுப்பினர் கட்டைத் துண்டு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் வீட்டு அலமாரியில் வைத்தார். ஈரம் காய்ந்ததும் அது வெடித்து உதிர்ந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை. முன்வரிசையில் இருக்கிறார்.

மதுக்கடையில் மட்டும் எல்லோரும் கான்ட்ரெர் குவைலோட் என்ற பழங்கதை நாட்டின் நிபுணர்கள். கடல்கொண்ட அந்த நாட்டின் மதகைக் காக்க வேண்டிய சைத்தெனின் குடித்துவிட்டுக் கோட்டைவிட்ட கதையை இந்தக் கரையில் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டாம். (வால்லாக்கில் கடலுக்குள் நீளும் சார்ன் கன்வெலின் கல்வரிசை அந்த நாட்டின் அணைதான் என்று சத்தியம் செய்பவர்களுக்கு: அது பனியாறு விட்டுப்போன கல்.) 13ஆம் நூற்றாண்டு வெல்ஷ் கையெழுத்துச் சுவடியான கார்மார்தன் கருப்புப் புத்தகத்தில் இதே வெள்ளத்தைப் பற்றி உள்ள பழைய பாட்டு சபிப்பது ஊற்றின் பொறுப்பில் இருந்த மெரெரிட் என்ற பெண்ணை. குடிகாரக் காவலன் பின்னால் பிரபலமானவன். யார் குற்றமாக இருந்தாலும், பொறுப்பை ஏற்றவர் வேலையைப் பார்க்கவில்லை என்பதில் இரண்டு கதையும் ஒத்துப்போகின்றன. எந்த உறுப்பினரையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உண்டு. கேமரா பேட்டரிக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் என் கைக்காசு போட்டேன். திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

கூடத்தைத் திறந்து வைத்தவர்களுக்கும் கேக் சுட்டவர்களுக்கும் நாற்காலி அடுக்கியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன். இதையேதான் போன ஆண்டும் சொன்னேன். யாரும் வராவிட்டால் பதிவேட்டுக்கு மட்டுமாவது ஆள் வேண்டும். குளிர்காலத்தில் கடல் நன்றாக வற்றும் நாட்களை ஒரு தாளில் எழுதித் தேநீர் மேசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது. பேனாவும் அங்கேயே இருக்கிறது, நூல் கட்டி.