‘செட் ஆகல’ என்றாயே

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்திலிருந்து போனில், “லீட்ஸ் எனக்கு செட் ஆகலப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாய். உங்கம்மா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ அந்த ‘செட்’டிலேயே மனசு மாட்டிக்கொண்டது. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு வருஷம் மெஷின் செட்டராக இருந்தவனிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னால்?

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். விளக்கமே சுமார் 60,000 வார்த்தை. (பிற்பாடு ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திவிட்டது.) சூரியன் மறைந்தாலும் செட், சிமென்ட் இறுகினாலும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தாலும் செட். வேரைப் பார்த்தால் விஷயம் எளிது. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. நம் அமர், அமர்த்து மாதிரி. டீ செட், நகை செட் எல்லாம் வேறு வம்சம். லத்தீன் ‘செக்டா’ பிரெஞ்சு வழியாக வந்து இதோடு கலந்துவிட்டது.

நம் தெருமுனை ஓட்டலின் செட் தோசையும் அந்த இரண்டாவது வம்சம்தான். மூன்று தோசை, ஒரு கிண்ணம் சாகு (நம்ம காய்கறிக் குருமா மாதிரி). நான் பெங்களூருக்கு வந்த புதிதில் செட் என்றதும் நம்ம சேலத்துத் தட்டுவடை செட் என்று நினைத்துக் காத்திருந்தேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், சட்னி என்று வரும் என்று பார்த்தால், பஞ்சு மாதிரி தோசை வந்தது. அன்றைக்கு எனக்கும் இந்த ஊர் செட் ஆகவில்லை!

நீ சொன்னதை அப்படியே இங்கிலீஷாக்கி உன் ஆபீஸில் சொல்லிப்பார், முழிப்பார்கள். ‘ஒத்துவரல’ என்பதற்கு நாமாகச் செய்துகொண்டது அது.

பட்டறையில் எங்களுக்கு செட்டிங் என்றால் ஒன்றுதான். லேத் மெஷினின் நாலு தாடைப் பிடியில், அதாவது சக்கில், ஜாப்பை (கடைய வேண்டிய உலோகத் துண்டை) மாட்டி, அது நடுவில் இருக்கிறதா என்று முள்ளால் காட்டும் டயல் கேஜை ஒட்டவைத்து, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் ஆடும். ஒரு தாடையைக் கொஞ்சம் தளர்த்தி எதிர்த்தாடையை முறுக்கணும். மறுபடி சுற்றணும். முள் அசையாமல் நிற்கும்வரை இதேதான். புது ஜாப் வந்தால் அரை ஷிஃப்ட் இதிலேயே போய்விடும், ஒரு பீஸ்கூட வெளியே வராது. சூப்பர்வைசர் வந்து முறைப்பார். ஒருநாள் அந்த முறைப்புக்குப் பயந்து, முள் இரண்டு கோடு ஆடும்போதே ஓட்டிவிட்டேன். நாற்பது பீஸ் ஸ்கிராப்.

நீ போய் நாலு மாசம்தான் ஆகிறது. அதற்காக அங்கேயே இருந்துதான் ஆகணும் என்று சொல்லவில்லை. வரணும் என்று தோன்றினால் வா, மாடி ரூம் அப்படியே இருக்கிறது. உங்கம்மா நேற்றே மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள், நான் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம், தயிர் உறையவே மாட்டேன் என்கிறது என்றாயாமே. பாலை வெதுவெதுப்பாக வைத்து, உறை ஊற்றி, காம்போடு நாலு மிளகாய் போடணுமாம். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்துவிடு. நடுவில் திறந்து திறந்து பார்க்காதே என்று உங்கம்மா இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

அப்பா