மலையேற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு

அன்புள்ள கண்ணு,

நீ வாங்கப் பார்க்கிற பழைய காரின் போட்டோவெல்லாம் பார்த்தேன். 2015 டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி. பெயின்ட்டும் சீட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து வருஷம் தாண்டின ஹைபிரிட்டுக்கு விலை வைப்பது பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பேட்டரிதான். "டேஷ்ல ஒரு லைட்டும் வரலை" என்று விற்கிறவர் சொல்வதை வைத்து முடிவு பண்ணாதே. லைட் எரிவது கடைசிக் கட்டம். அதைத் தற்காலிகமாக அழித்துவிடவும் முடியும்.

அந்த பேட்டரிக்குள்ளே 34 மாட்யூல், அதாவது சின்னச் சின்ன பேட்டரிகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், தொடராகக் கோத்து 244.8 வோல்ட். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகம். வண்டியின் கம்ப்யூட்டர் இரண்டிரண்டாகச் சேர்த்து 17 பிளாக்காக இவற்றைக் கவனிக்கிறது. மொத்த வோல்ட்டேஜைப் பார்த்து ஒன்றும் பிடிபடாது. ஒரு மாட்யூல் சாகக் கிடந்தாலும் மற்ற 33 சேர்ந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். பிளாக்குக்குப் பிளாக் எவ்வளவு வித்தியாசம், அது பாரம் ஏறும்போது எவ்வளவு விரிகிறது, இதுதான் நீ பார்க்க வேண்டியது.

வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் ஓபிடி ரீடர் ஒன்று வாங்கிக்கொண்டு வா. போனில் ஹைபிரிட் பேட்டரியைச் சோதிக்கும் டாக்டர் பிரியஸ் செயலியைப் போட்டுக்கொள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினதும் முதலில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதுக் குறியீடு (கோடு) பார், முக்கியமாக பெரிய பேட்டரி கெட்டதைச் சொல்லும் பி0ஏ80 இருக்கிறதா என்று. அதைவிட முக்கியம், கோடு அழித்த பிறகு வண்டி ஓடின தூரம். சாதாரண ஓபிடி செயலியிலேயே அது வரும். அங்கே 15 கிலோமீட்டர் என்று இருந்தால் யாரோ நேற்றுத்தான் துடைத்திருக்கிறார்கள். அதற்குமேல் அங்கே நிற்காதே.

டிக்கியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியையும் மல்ட்டிமீட்டரால் தொட்டுப் பார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.4க்குக் கீழே இருந்தால் அது சோர்ந்துபோனது. சம்பந்தமில்லாத எச்சரிக்கை லைட்டெல்லாம் இதனால் வரும், பெரிய பேட்டரி மேல் வீண்பழி விழும். இது சின்னச் செலவு.

அப்புறம் வண்டியை சேலம் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரத்துக்கு விடு. ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவைப் போல ஒரு பரிசோதனைக்கூடம் எந்த சர்வீஸ் சென்டரிலும் கிடையாது. நீ ஓட்டு, கூட வருபவர் போனைப் பார்க்கட்டும். வளைவிலிருந்து வெளியே வந்து அழுத்தும்போது எந்த எண் பிளாக்கின் வோல்ட்டேஜ் எல்லாவற்றுக்கும் கீழே போகிறது என்று குறிக்கச் சொல். இறங்கும்போது, பிரேக் வழியாகச் சார்ஜ் ஏறுகையில், எந்த எண் எல்லாவற்றுக்கும் மேலே போகிறது என்றும் குறிக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் அந்த பிளாக் தேய்ந்துவிட்டது. கொள்ளளவு குறைந்து உள் எதிர்ப்பு கூடினதால்தான் சீக்கிரம் காலியாகி, சீக்கிரம் நிரம்புகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் கீழேயே கிடந்தால், அது தானாகச் சார்ஜ் இழந்து மற்றவற்றைவிடப் பின்தங்கி நிற்கிறது என்று அர்த்தம். பாரத்தில் பிளாக்குகளுக்குள் 0.3 வோல்ட் வரை வித்தியாசம் பத்து வருஷ வண்டிக்கு இருக்கலாம். 1 வோல்ட்டைத் தாண்டினால் வேண்டாம். எண் மாறி மாறி வந்தால் பயமில்லை, எல்லாம் சமமாக வயசாகிறது.

இறங்கும்போது நாலைந்து வளைவிலேயே பேட்டரி நிரம்பி, எஞ்சின் திடீரென்று இரைந்தால் பலர் பயந்துவிடுவார்கள். அது கோளாறே இல்லை. சுமார் 1,700 கிலோ வண்டி 1,100 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 5 யூனிட் சக்தி வெளியே வரும். இந்த பேட்டரி மொத்தமே 1.6 யூனிட். அதிலும் 40க்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில்தான் கம்ப்யூட்டர் பயன்படுத்தும். புது பேட்டரியே பாதி வழிகூடத் தாங்காது. பி கியரில் போட்டு, எஞ்சின் பிடித்து இழுக்க விட்டு இறங்கு. பார்க்க வேண்டியது கீழே வந்த பிறகு: நிரம்பின பேட்டரி சமதரையில் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்று. ஏசியை முழுசாக வைத்து நிழலில் நிறுத்து. எஞ்சின் நின்று சில நிமிடமாவது அமைதியாக இருக்க வேண்டும். ஒரு நிமிடம்கூடப் போகாமல் எழுந்து எழுந்து சார்ஜ் ஏற்றினால் உள்ளே இடம் குறைந்துவிட்டது.

அந்த நேரத்திலேயே பின் சீட்டை ஒட்டிய காற்றுத் துளையில் கை வை. பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் கேபின் காற்றைத்தான் இழுக்கிறது. நம் ஊர் மே மாசத்தில் அந்தத் துளையைப் பையாலோ துணியாலோ அடைத்து ஓட்டினால் நடுவில் இருக்கிற மாட்யூல்கள்தான் முதலில் வேகும். ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தால், விற்கிறவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"பேட்டரி மாத்தியாச்சு" என்றால் பில் கேள். முழு பேக் மாற்றினதா, கெட்டுப்போன இரண்டு மாட்யூலை மட்டும் எடுத்துப் பழசு போட்டதா? இரண்டாவதற்கு நான் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தர மாட்டேன். வலு வேறுபட்ட மாட்யூல்கள் ஒரே வரிசையில் நின்றால் அடுத்த பலவீனமானது சில மாசத்தில் விழும். மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு ஏறியதாலும் கோடு வரும், சுத்தம் செய்தால் போதும். ஆனால் அது உனக்கோ தெருமுனை மெக்கானிக்குக்கோ வேலையில்லை. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு சர்வீஸ் பிளக்கை உருவி, குறைந்தது 10 நிமிடம் காத்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு செய்ய வேண்டியது. பிளக்கை எடுத்த பிறகும் மாட்யூல்களில் மின்சாரம் இருக்கும்.

கிலோமீட்டர் குறைவு என்று மயங்காதே. ஒரு வருஷம் ஷெட்டில் நின்ற வண்டியைவிட தினமும் ஓடினது மேல். நின்ற பேட்டரியில் ஒவ்வொரு மாட்யூலும் ஒவ்வொரு அளவில் வடிந்துபோயிருக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே போய்விடு. பானட்டில் கை வைத்து ஜில்லென்று இருக்கிறதா பார். சூடாக இருந்தால் உனக்கு முன்னால் அவர் ஓட்டிச் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறார். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

அம்மா